45 கிலோ மூட்டையும் இரண்டு விவசாயிகளும்

போன பிப்ரவரியில் சம்பா அறுவடை முடிந்த கையோடு அப்பா மொகாலிக்கு வந்திருந்தார். பத்து வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன். அவர் வருவது இது இரண்டாவது முறைதான். எப்போது கூப்பிட்டாலும் "வயலை யாருடா பாக்குறது?" என்பார்.

எங்கள் வீட்டு ஓனர் ஒரு சர்தார்ஜி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைத் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனார். கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை. அப்பா வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு இலையை விரலால் தடவிப் பார்த்தார். "பச்சை ரொம்ப அதிகம் தம்பி. யூரியாவைத் தூக்கலா போட்டிருக்காரு. காத்தடிச்சா சாஞ்சிடும்னு சொல்லு" என்றார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். சர்தார்ஜி ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்து அப்பா கேட்டதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "மூட்டையை அம்பதுலேருந்து நாப்பத்தஞ்சு கிலோ ஆக்குனாங்களே, அப்ப இவரு என்ன பண்ணாருன்னு கேளு."

சர்தார்ஜி யோசிக்கவே இல்லை. "இன்னொரு மூட்டையைப் பிரித்தேன்" என்றார். அப்பா அவர் தொடையில் தட்டி, "நானுந்தான்!" என்றார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அதற்குப் பிறகு நான் தேவைப்படவும் இல்லை :-)

நான் மட்டும் கொஞ்சம் கூனிக் குறுகி நின்றேன். ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்புதான் போனில் அப்பாவுக்கு யூரியா பற்றி ஒரு பிரசங்கம் செய்து, பாதியில் அவர் போனை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பிரசங்கத்தின் சாரம் இது. வயலில் போடும் யூரியாவில் நெற்பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாகப் பாதிக்கும் குறைவு. மீதியில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும், ஒரு பகுதி தண்ணீரோடு போகும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இன்னொரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக மாற்றும். அளவில் கொஞ்சம்தான். ஆனால் நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

நான் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பாதிக் கதைதான் சொன்னேன். மீதிப் பாதி டெல்லியில் இருக்கிறது.

1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார். கட்சி வித்தியாசமில்லாமல் எம்.பி.க்கள் கூச்சல் போட, அது 30 சதவீதமானது, சிறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது. அடுத்த வருஷம், 1992 ஆகஸ்டில், மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட்டது. அவற்றின் விலை எகிறியது. யூரியாவைக் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டு அதன் விலையை 10 சதவீதம் குறைக்கவும் செய்தார்கள்!

விவசாயி என்ன செய்வான்? எது மலிவோ அதைப் போட்டான். தழை, மணி, சாம்பல் மூன்றும் 4:2:1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. நாடு முழுக்க 1991-92ல் 5.9:2.4:1 ஆக இருந்தது, ஒரே வருஷத்தில் 9.5:3.2:1 ஆனது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியாவைத் தொடவில்லை. டி.ஏ.பி. விலை அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. யூரியாவோ 2012ல் வைத்த டன்னுக்கு 5,360 ரூபாயிலேயே பத்து வருஷத்துக்கு மேல் அசையாமல் நின்றது. "விவசாயிகள் யூரியாவைக் கண்டபடி கொட்டுகிறார்கள்" என்று சொல்லும் முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

ஆபீசில் ஒரு நண்பன் கேட்டான்: "2019ல் நெதர்லாந்தில் நைட்ரஜன் குறைப்பை எதிர்த்து டிராக்டரோடு அரசு இயங்கும் ஹேக் நகருக்கே போனார்களே, நம்ம ஆட்கள் ஏன் இதற்குப் போராடவில்லை?" அங்கே மாட்டைக் குறை, பண்ணையைக் குறை என்று நேராகச் சொன்னார்கள், எதிர்ப்பும் நேராக வந்தது. இங்கே யாரும் விவசாயியிடம் வாயு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. மூட்டையை மாற்றினார்கள். பதிலும் மூட்டைக் கணக்கிலேயே வந்தது.

அப்படி மாற்றியதில் ஒன்று சத்தமில்லாமல் நிலைத்தது. 2015 மே மாதம் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது. யூரியா பிளைவுட் பசைக்கும் கலப்படப் பாலுக்கும் போவதைத் தடுப்பது ஒரு நோக்கம். இன்னொன்று, வேம்பு அந்த நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கும், சத்து மெதுவாக வெளியாகும், வாயுவும் குறையும். டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தில் 1970களின் ஆரம்பத்திலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். ஐந்து பங்கு யூரியா, நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு. கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் மேலுரமாகப் போடவேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் குவியல் சாக்கால் மூடிக் கிடந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. அதன் வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடியிருக்கிறேன். தெரிந்த விஷயம், மூட்டைக்குள்ளேயே வந்தது, வேலை மிச்சம். யார் எதிர்ப்பார்கள்?

அடுத்தது 2018 மார்ச்சில் வந்த 45 கிலோ மூட்டை. விவசாயி கிலோவில் கணக்குப் போடுவதில்லை, ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்றுதான் போடுவார். எனவே மூட்டையை 10 சதவீதம் குறைத்தால் உபயோகமும் 10 சதவீதம் குறையும் என்று கணக்கு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 2017-18ல் சுமார் 300 லட்சம் டன்னாக இருந்த யூரியா உபயோகம், 2020-21ல் சுமார் 350 லட்சம் டன்! மழை, சாகுபடிப் பரப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சர்தார்ஜி போலவும் அப்பா போலவும் எத்தனை பேர் இன்னொரு மூட்டையைப் பிரித்தார்களோ.

மூன்றாவது, 2021ல் வந்த நானோ யூரியா. அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்றார்கள். தெளிக்க ஆள் கூலி தனி. லூதியானா விவசாயப் பல்கலைக்கழகம் இரண்டு வருஷம் வயலில் சோதித்தது. சிபாரிசு செய்த யூரியாவில் ஒரு பகுதிக்குப் பதிலாக இதைத் தெளித்தபோது கோதுமை மகசூல் 21.6 சதவீதமும் நெல் 13 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னது. தயாரித்த நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஆனால் சர்தார்ஜியிடம் ஒரு உரக்கடையில் பாட்டில் வாங்கினால்தான் மூட்டை என்றிருக்கிறார்கள். வாங்கினார். பாட்டில்கள் இன்னும் அவர் டிராக்டர் ஷெட்டில் வரிசையாக நிற்கின்றன.

திரும்பி வரும்போது காரில் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். "பச்சை அதிகம்னு அவருக்குச் சொல்றீங்க. அப்ப நீங்க ஏன் குறைக்கலை?"

ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குறைக்கலாம் தம்பி. இலையைப் பாத்தாலே எனக்குத் தெரியும். ஆனா குறைச்சு ஏக்கருக்கு நாலு மூட்டை நெல்லு கொறஞ்சா, யாரு பொறுப்பு? ஒரு மூட்டை யூரியா எரநூத்தி அறுவத்தாறு ரூவா. அது எனக்கு உரம் இல்ல, இன்சூரன்ஸ்."

முப்பது வருஷக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. அந்தப் பயத்தை யாராவது பங்கு போட்டுக்கொள்ளும் வரை மூட்டையை எத்தனை கிலோ ஆக்கினாலும் இன்னொரு மூட்டை பிரியத்தான் செய்யும்.

அப்பா ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பரிசு கொடுத்தேன். பச்சைப் பட்டைகள் போட்ட இலை வண்ண அட்டை. இலையை அதன் மேல் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் யூரியா போட வேண்டும். "என் கண்ணை நம்ப மாட்டியா?" என்று திட்டிக்கொண்டே பையில் வைத்தார்.

குறுவையில் அரை ஏக்கரில் மட்டும் அட்டைப்படி பார்க்கிறேன் என்றிருக்கிறார். அந்த அரை ஏக்கரில் நெல் குறைந்தால் அதற்கான பணத்தை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஊரிலும் அப்பாவோ மாமாவோ வயல் பார்த்துக்கொண்டிருந்தால், இந்த வாரம் போனில் ஒரு கேள்வி கேளுங்கள்: மூட்டை சின்னதானபோது என்ன செய்தீர்கள்? பிரசங்கம் மட்டும் வேண்டாம். போனை வைத்துவிடுவார்கள்.