தலைப்பில் ஏறிய ஒரு சொல்

குற்றஞ்சாட்டப்பட்டவரின் இனத்தைச் செய்தித்தாள் குறிப்பிடலாமா? உள்ளதை உள்ளவாறு உரைப்பதே பத்திரிகையின் கடமையாயிருக்க, இனத்தை மட்டும் மறைப்பானேன் எனச் சிலர் வினவுவர். விடை காண, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1921 மே 30 அன்று, அந்நகரின் ட்ரெக்சல் கட்டடத்து மின்தூக்கியில் ஏறினார் டிக் ரோலண்ட் என்னும் கறுப்பின இளைஞர். காலணிகளுக்கு மெருகிடுவது அவர் தொழில். மின்தூக்கியை இயக்கிய வெள்ளையினப் பெண் அலறினார். உள்ளே நிகழ்ந்தது யாதென இன்றளவும் எவரும் அறுதியிட்டு உரைத்திலர். மறுநாட்காலை ரோலண்ட் கைதானார். அன்று பிற்பகல் வெளிவந்த 'டல்சா டிரிப்யூன்' நாளேடு, தலைப்பிலேயே 'நீக்ரோ' என்னும் சொல்லைப் பொறித்து, பெண்ணைத் தாக்கியவர் பிடிபட்டார் எனச் செய்தி தந்தது.

அந்தி சாயும் வேளையில் நீதிமன்றத்தின் முன் வெள்ளையர் திரண்டனர். முந்திய ஆண்டுதான் அந்நகரில் ஒரு கைதியைக் கும்பலொன்று சிறையினின்றும் இழுத்துச் சென்று தூக்கிலிட்டிருந்தது. அவ்வச்சத்தால் கறுப்பினத்தார் சிலர் ஆயுதந்தாங்கிக் காவலுக்கு வந்தனர். கைகலப்பில் துப்பாக்கி வெடித்தது. ஜூன் முதல் நாள், கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதி சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயிற்று. செஞ்சிலுவைச் சங்கக் கணக்கின்படி எரிந்த வீடுகள் 1,256. மாண்டோர் 300 பேர் வரை இருக்கலாமென்பர் ஆய்வாளர். அப்பெண்ணோ வழக்கைத் தொடர விரும்பவில்லை; செப்டம்பரில் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

பழியனைத்தையும் ஒரு நாளேட்டின்மேல் சுமத்துதல் நீதியன்று. பகைமை அங்கே முன்னரே வேரூன்றியிருந்தது. தப்பியோடியவரைத் தேடுங்கால், உயரம், உடை, தழும்பு முதலியவற்றோடு நிறத்தையும் கூறுவது பயன் தருமென்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ரோலண்ட் அப்போதே காவலில் இருந்தார். யாரைத் தேடிப் பிடிக்க அச்சொல் உதவிற்று? அது ஒருவரையன்று, ஓர் இனத்தையே சுட்டிக் காட்டிற்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தே, ஜெர்மானியப் பத்திரிகை மன்றம் 2017 இல் திருத்திய தன் நெறியில், தக்க பொதுநலன் இருந்தாலன்றிக் குற்றவாளியின் இனத்தைக் குறிப்பிடலாகாது என்கிறது.

பின்னாளில் அந்நாளேட்டை நுண்படச் சுருளில் பதிந்தபோது, முதற்பக்கத்தில் அச்செய்தி இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. பிற்பாடு கிழித்த கையினும், அச்சேறுமுன் ஒரு கணம் தயங்கும் கையன்றோ வேண்டுவது!