இடிபாட்டுக் காயமும் மூன்று மணி நேர வரம்பும்

காயம்பட்டு மூன்று மணி நேரம் கடந்தவருக்கு, ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான ட்ரானெக்ஸாமிக் அமிலம் கொடுக்கலாகாது என்பது அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று ஏறக்குறைய சட்டமாகிவிட்டது. காயத்தின் வகை பாராமல் அதை எல்லார்க்கும் பொருத்துவதற்குச் சான்று போதாது என்பது என் வாதம்.

2019 ஜூன் 29 அதிகாலை, புனேயின் கோந்த்வாவில் குடியிருப்பு வளாகமொன்றின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, கீழே தகரக் கொட்டகைகளில் உறங்கிய கட்டடத் தொழிலாளர் குடும்பங்கள்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தனர். இப்படிப்பட்ட விபத்தில் சுவர் விழுந்த நேரம் ஊருக்கே தெரியும். ஆனால் உயிரோடு மீட்கப்படுபவரின் காய நேரமாக எதைக் குறிப்பது? கல் விழுந்த நேரத்தையா, தொடைமேல் கிடந்த பாரத்தைத் தூக்கிய நேரத்தையா?

வரம்பின் ஆதாரம் கிராஷ்-2 ஆய்வு: 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், வயது வந்தோர் இருபதாயிரத்துக்கும் மேல். காயம்பட்ட எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களையே சேர்த்தார்கள். 2010இல் வெளியான முதன்மை முடிவில் மருந்து பெற்றவரிடையே இறப்பு 14.5 விழுக்காடு, பெறாதவரிடையே 16. மூன்று மணி நேரக் கோடு அழுத்தமாக விழுந்தது 2011இல், ரத்தப்போக்கால் நேர்ந்த சாவுகளை மட்டும் பிரித்தெடுத்த மறுபகுப்பாய்வில். முதல் ஒரு மணி நேரத்தில் மருந்து பெற்றவரிடையே அத்தகைய சாவு 5.3, மற்றவரிடையே 7.7 விழுக்காடு. மூன்று மணி நேரத்துக்குப் பின் நிலைமை தலைகீழ்: 4.4, 3.1. இதைத் தேடல்நிலைப் பகுப்பாய்வு என்று ஆய்வாளர்களே தலைப்பில் எழுதினார்கள். அந்தச் சொல்லை அடுத்து வந்தோர் மறந்துவிட்டனர். தவிர, தாமதமாக வந்தவர் அதுவரை பிழைத்திருந்தவர். அவர் நோயே வேறாக இருந்திருக்கலாம். இடிபாட்டில் சிக்கியோரைத் தனிப் பிரிவாக அந்த மறுபகுப்பாய்வு காட்டவும் இல்லை.

40,138 நோயாளிகளின் தரவைத் திரட்டிய 2018 பகுப்பாய்வு, தாமதம் கூடக் கூடப் பயன் குறைவதை உறுதிப்படுத்தியதே என்பர். உண்மைதான். அதில் பாதி பிரசவ ரத்தப்போக்கு. தொடக்க நேரம் அங்கே தெளிவு. நம் கேள்விக்கு அது விடையாகாது.

நசுங்கிய காலில் பாரமே ஓரளவு ரத்தத்தை அடக்கியிருக்கக்கூடும். தூக்கியதும் பொட்டாசியமும் தசைப் புரதமும் உடலெங்கும் பாயும். லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டோர் முதலில் தேறியவர்போல் தோன்றி, பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை ஆய்வாளர்கள் பைவாட்டர்ஸும் பீலும் 1941இலேயே பதிந்தனர். எனவே மீட்பு நேரத்திலிருந்து எண்ணினாலே போதும் என்றும் சொல்வதற்கில்லை. ட்ரானெக்ஸாமிக் அமிலம் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீர் கறுத்து வற்றும் நோயாளிக்கு வழக்கமான அளவே மிகையாகலாம். பாரம் நீங்குமுன்பே சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இங்கு மருந்தைவிட முந்தியது.

ஆகவே இடிபாட்டு நோயாளியின் கேஸ் ஷீட்டில் காய நேரம் என்ற ஒரே கட்டம் போதாது. பாரம் விழுந்தது, நீங்கியது, சலைன் தொடங்கியது, முதல் சிறுநீர் வந்தது என நான்கு நேரங்களும், நசுங்கிய உறுப்பும் பதியப்பட வேண்டும். அவை சேரும்வரை, இவர்களைப் பொறுத்தமட்டில் மூன்று மணி நேரத்தை ஊகம் என்றே கொள்கிறேன்.