ஃபிரிஸ்கனின் விரல்

பெரியவருக்கு வராதது பொடியனுக்கு வந்துவிடுகிறது என்பதைக் கணினி வந்த பிறகு கண்டுபிடித்த மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறோம். எழும்பூரில் இது இருநூறு வருஷங்களுக்கு முன்பே நடந்தாயிற்று.

1789இல் அங்கிருந்த ஆண் அநாதைகள் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்கிறார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகள். பலருக்குத் தாய் இந்த நாட்டுப் பெண். ஒருநாள் குதிரையில் போகும்போது, ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்க்கிறார். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். தன் பள்ளியில் இதைச் செய்யச் சொன்னபோது அரிச்சுவடி வாத்தியார் நடக்காது என்றுவிட்டார். பெல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். பையன் செய்துகாட்டினான்.

கதையை இத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம். 1797இல் பெல் லண்டனில் தன் சோதனையை அச்சிட்டார். மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியதற்கு முக்கியக் காரணம் மலிவு. ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில், வாத்தியார் ஒருவர், மிச்சத்தைச் சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். திண்ணையில் சட்டாம்பிள்ளை ஏற்கெனவே இருந்தவன்தான். (அந்தத் திண்ணையில் யார் ஏற முடிந்தது என்பது வேறு கேள்வி, சின்னக் கேள்வி அல்ல.) பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கல்லறை. மணலைப் பரப்பிய அந்தத் தமிழ் வாத்தியாருக்குப் பெயர்கூட இல்லை.

இதை நான் சௌகரியமாகச் சொல்லிவிட முடியாது. 2011இல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகு, என் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எக்செல்லில் கைதேர்ந்துவிட்டான். எனக்கு அது சுத்தமாக வரவில்லை. வெட்கத்தை மறைக்க, 'நீ போடுடா' என்று மதிப்பெண் பட்டியல் முழுவதையும் அவன் தலையில் கட்டினேன். மாணவர் பங்கேற்பு என்று அதற்குப் பெயரும் வைத்தேன். அரையாண்டில் வேதியியலில் அவன் தோற்றான். பட்டியல் போட்ட நேரமெல்லாம் என் வகுப்பு நேரம்.

அதற்கப்புறம் பள்ளி விட்டு அரைமணி நேரம் இருவரும் உட்கார்ந்தோம். அவன் விட்ட பாடத்தை நான், எனக்கு வராததை அவன். நான் தடுமாறும்போதெல்லாம் அவன் கை தானாக மவுஸுக்கு நீளும்.

'கையை எடுடா. நானே அமுக்குறேன்.'

'சார், அது தப்பு பட்டன்.'

'தெரியுது. சொல்லு, செய்யாதே.'