எலெக்ட்ரிக் கிட்டார் பிக்கப்: வடிவமைப்பும் ஒலிநிறமும்

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிச் செய்த சுருள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீச்சம் உருவாக்கிய குதிரைலாடக் காந்த பிக்கப் முதல் இன்றுவரை அடிப்படை இதுதான். தந்தியின் அசைவை அது உள்ளபடியே கடத்துவதில்லை. சில அதிர்வெண்களை உயர்த்தி, சிலவற்றை வெட்டி அனுப்புகிறது. ஆகவே பிக்கப்பை ஒலிவாங்கியாகக் கருதுவதைவிட மின்வடிகட்டியாகக் கருதினால்தான் அதன் ஒலிநிறம் விளங்கும்.

விற்பனைப் பட்டியல்கள் பிக்கப்பின் குணத்தை மின்தடையால் குறிக்கின்றன. ஒரே வகைக் கம்பியை ஒரே அளவுச் சட்டத்தில் சுற்றினால் சுற்றுகள் கூடக் கூட மின்தடையும் ஏறும் என்பதால், அந்த எண்ணுக்கு ஓரளவு பொருள் உண்டு. கம்பியின் தடிமன் மாறினால் அந்த எண் கைவிட்டுவிடும். டெலிகாஸ்டர் கிட்டாரின் நெக் பிக்கப் வழக்கத்தைவிட மெல்லிய கம்பியால் சுற்றப்படுவதால் அதன் மின்தடை ஏறக்குறைய 7.5 கிலோஓம், கிப்சன் நிறுவனத்தின் ஹம்பக்கர் எனப்படும் பழைய இரட்டைச் சுருள் பிக்கப்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இருந்தும் ஹம்பக்கரின் மின்தூண்டல் எண் ஏறக்குறைய இரு மடங்கு. கேட்டவர் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ஒலிநிறத்தைத் தீர்மானிப்பது ஒத்ததிர்வு முகடு. சுருளின் மின்தூண்டலும், சுருளும் கேபிளும் சேர்ந்து தரும் மின்தேக்குத்திறனும் அதை நிர்ணயிக்கின்றன. மொத்த மின்தேக்குத்திறன் 600 பிகோஃபாரட் என்று கொள்வோம். 2.4 ஹென்றி உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைச் சுருளின் முகடு 4.2 கிலோஹெர்ட்ஸ் அருகே அமையும், 4.4 ஹென்றி உள்ள ஹம்பக்கருக்கு 3.1 கிலோஹெர்ட்ஸ். முகட்டுக்கு மேலே உள்ள அதிர்வெண்கள் வேகமாகத் தேய்கின்றன. இந்த முகடுகள் விழும் பகுதியே மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் என்பதால், ஒரு கிலோஹெர்ட்ஸ் இடைவெளி பளிச்சென்ற ஒலியையும் தடித்த ஒலியையும் பிரித்துவிடுகிறது. கிப்சனில் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருளை வடிவமைத்தது மின்இரைச்சலை ஒழிக்கத்தான். எதிரெதிர்த் திசைச் சுருள்களும் எதிரெதிர் காந்த முனைகளும் இரைச்சலை நீக்கி, தந்தியின் குறிப்பலையை மட்டும் கூட்டுகின்றன. ராக் இசை கொண்டாடும் அந்தத் தடித்த ஒலி, சுருள்கள் தொடராக இணைந்து மின்தூண்டல் பெருகியதன் உடன்விளைவு. இரு சுருள்களும் தந்தியின் இரு புள்ளிகளைச் சேர்த்து உணர்வதால் மிக உயர்ந்த மேற்சுரங்கள் சில மேலும் மங்குகின்றன.

மரம்தான் ஒலியைத் தருகிறது என்ற வாதம் வலுவாக நிலவுகிறது. மரமும் பிரிட்ஜும் தந்தியின் அதிர்வு அடங்கும் விதத்தை மாற்றக்கூடும். பிக்கப் அதையும் பதிவு செய்யும். ஆனால் வால்யூம் குமிழை 500 கிலோஓமிலிருந்து 250 கிலோஓமுக்கு மாற்றினாலே, மரத்தைத் தொடாமல், முகடு தட்டையாகிக் கூர்மை குறைகிறது. இந்த மாற்றம் அளவிடத்தக்கது, திரும்பத் திரும்ப நிகழ்வது. காந்த வகைக்கே முதன்மை தருவோரும் உண்டு. அல்னிகோவுக்கும் செராமிக்குக்கும் வேறுபாடு உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் சுருளின் மின்தூண்டலை மாற்றுவதன் வழியாகவும் தந்தியை இழுக்கும் வலிமை வழியாகவுமே வெளிப்படுகிறது. சுருளைவிடக் கூடுதலாகப் பேசப்பட வேண்டியது பிக்கப்பின் இடம். பிரிட்ஜிலிருந்து திறந்த தந்தியின் நான்கில் ஒரு பங்கு தொலைவில் அமர்ந்த நெக் பிக்கப், அடிச்சுரத்தைப்போல் நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரத்தின் கணுவுக்கு (அதிராத புள்ளிக்கு) நேர் கீழே இருப்பதால் அதை ஏறக்குறைய கேட்பதே இல்லை. விரல் ஃப்ரெட்டில் பதிந்து தந்தியின் நீளம் குறைந்ததும் கணு நகர்கிறது. இழந்த மேற்சுரம் திரும்புகிறது. பிரிட்ஜ் அருகே உள்ள பிக்கப்புக்கு அடிச்சுரம் மெலிந்து மேற்சுரங்கள் ஓங்குவதும் அது அமர்ந்த இடத்தால்தான்.