ஒரு வீட்டில் இரு குடித்தனம்



2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, மயிலாப்பூரில் எங்கள் தெருவில் வசித்த மாணவி ஒருத்தி, அரசு தனக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினியுடன் என் வீட்டுக்கு வந்தாள். பொத்தானை அழுத்தியதும் கரிய திரையில் இரண்டு பெயர்கள் தோன்றின. ஒன்று பாஸ் லினக்ஸ், மற்றொன்று விண்டோஸ். நாம் ஒன்றும் செய்யாமல் சில விநாடிகள் காத்திருந்தால், பொறி தானாகவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்.

“மாமா, இந்த லினக்ஸ் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறார். வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். அழித்துத் தருவதற்கு இருநூறு ரூபாய் கேட்கிறார். நீங்கள் அழித்துத் தருவீர்களா?” என்று அவள் கேட்டாள்.

அழிப்பது ஐந்து நிமிட வேலை. ஆயினும் நான் உடனே கை வைக்கவில்லை. அந்த இரண்டு பெயர்களும் ஒரே திரையில் அடுத்தடுத்து வந்து நிற்பதற்கு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பலர் பல நாடுகளில் உழைத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை முதலில் கேள், பிறகு அழிப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய் என்றேன். அன்று அவளிடம் சொன்னதையே, இன்னும் சில செய்திகளையும் சேர்த்து, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இயங்குதளம் என்பது யாது? கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு, நாம் இடும் வேலைகளை அவற்றுக்குப் பகிர்ந்து கொடுக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ் அத்தகைய ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. ஒரு பொறியில் இரண்டையும் நிறுவ முடியுமா என்றால், முடியும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் ஒண்டுக்குடித்தனம் என்ற வழக்கத்தை உங்கள் பாட்டிமார் அறிவார்கள். தெருவாசல் ஒன்று, முற்றம் ஒன்று, ஆனால் உள்ளே வெவ்வேறு குடும்பங்கள், வெவ்வேறு அடுப்புகள். ஒரு கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்கள் வாழ்வதும் ஏறக்குறைய அவ்வாறே. ஒரு வேறுபாடு உண்டு. கணிப்பொறியில் ஒரு நேரத்தில் ஒரு குடும்பம்தான் விழித்திருக்கும், மற்றது உறங்கும்.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். வீட்டைப் பிரிக்கும் சுவர் வேண்டும். வாசலில் நின்று எந்தக் குடும்பத்தைப் பார்க்க வந்தீர் என்று கேட்கும் காவலர் வேண்டும். குடியேறுவதற்கு இரண்டாவது குடும்பம் ஒன்று வேண்டும். மூன்றும் ஒரே காலத்தில் வந்தவை அல்ல.

சுவர்தான் முதலில் வந்தது. 1983-ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வன்தட்டுடன் கூடிய தன் எக்ஸ்டி கணிப்பொறியை வெளியிட்டது. அந்த வன்தட்டின் முதல் துண்டில், 512 பைட் அளவேயுள்ள இடத்தில், ஒரு சிறு அட்டவணை வைக்கப்பட்டது. வன்தட்டு எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை அது சொல்லும். அவ்வட்டவணைக்கு ஒதுக்கப்பட்ட இடம் 64 பைட். ஒரு பகுதிக்கு 16 பைட் வீதம் நான்கு பகுதிகள். வெவ்வேறு இயங்குதளங்கள் ஒரே வன்தட்டைப் பகிர்ந்துகொள்ளவும் இந்த ஏற்பாடு இடம் கொடுத்தது. ஆனால் அக்காலத்தில் பெரும்பாலோரிடம் இருந்தது ஒரே இயங்குதளம்தான். வீட்டுக்கு நான்கு பகுதிகள் இருந்தும், குடியிருந்தது ஒரு குடும்பமே.

இரண்டாவது குடும்பம் பின்லாந்து நாட்டிலிருந்து வந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் 1991 ஜனவரியில் ஒரு கணிப்பொறி வாங்கினார். அதில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டார். அது, இயங்குதளங்கள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்னும் பேராசிரியர் எழுதியது. மினிக்ஸில் அமர்ந்தபடியே டோர்வால்ட்ஸ் தமக்கென ஓர் இயங்குதளக் கருவை எழுதத் தொடங்கினார். 1991 ஆகஸ்ட் 25 அன்று, தாம் செய்துவரும் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஆகவே, லினக்ஸ் பிறந்ததே மற்றோர் இயங்குதளத்தின் அண்டைவீட்டில்தான் என்பதை மறவாதீர்கள்.

இங்கே ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணிப்பொறியை அழைப்பதற்காக மோடம் என்னும் கருவிக்கு அனுப்ப வேண்டிய கட்டளையை, டோர்வால்ட்ஸ் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். அக்கட்டளை மினிக்ஸ் இருந்த பகுதியின் மேல் எழுதி, அதைப் பாழாக்கிற்று. மீண்டும் மினிக்ஸை நிறுவுவதா, அல்லது தாம் எழுதிய லினக்ஸையே நம்பி வாழ்வதா என்ற கேள்வி எழுந்தது. அவர் லினக்ஸையே நம்பினார். சுவரைத் தாண்டி விழுந்த ஒரு தவறு, அண்டைவீட்டுக் குழந்தையைச் சொந்தக்காலில் நிற்க வைத்தது.

1992-ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் லினக்ஸைப் பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அந்த உரிமத்தை 1989-இல் வகுத்தவர் அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன். அவர் 1983-லேயே குனு என்னும் திட்டத்தை அறிவித்திருந்தார். ஒரு மென்பொருளை எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். அது எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று படித்து மாற்றலாம். பிறருக்குப் படி எடுத்துத் தரலாம். மாற்றியதையும் பிறருக்கு வழங்கலாம் என்பன அவர் கோரிய உரிமைகள். இன்று நாம் லினக்ஸ் என்று நிறுவுவது, டோர்வால்ட்ஸின் கருவும் குனுவின் கருவிகளும் இன்னும் எண்ணற்றோர் உழைப்பும் சேர்ந்த ஒன்று.

இனி, வாசற்காவலர். 1992-இல் வெர்னர் ஆல்மஸ்பெர்கர் என்பவர் லிலோ என்னும் சிறு நிரலை எழுதினார். கணிப்பொறி விழித்தவுடன் எந்த இயங்குதளத்தை எழுப்ப வேண்டும் என்று கேட்பதே அதன் பணி. 1995-இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் என்னும் நிரல் பிற்காலத்தில் லிலோவின் இடத்தைப் பிடித்தது. அம்மாணவியின் திரையில் இரண்டு பெயர்களைக் காட்டி நின்றது கிரப்தான்.

இத்தனையும் சென்னைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன? இணையம் மெதுவாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த 1990-களின் பிற்பகுதியில், லினக்ஸ் நம்மிடையே குறுந்தட்டில் பயணம் செய்தது. கணிப்பொறி இதழ்களுடன் இணைப்பாக வந்த தட்டுகளை ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் படி எடுத்துக்கொள்வார்கள். அவ்வாறு படி எடுப்பது திருட்டன்று. அந்த உரிமமே அதை அனுமதித்தது. அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமையன்று பல ஆண்டுகள் கூடினார்கள். கட்டணம் இல்லை, பதவிகளும் இல்லை. அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லித் தந்தார்கள். 2005-ஆம் ஆண்டு முதல் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் தட்டுகளை, கேட்டவர் முகவரிக்கு அஞ்சற்கட்டணமும் வாங்காமல் உலகெங்கும் அனுப்பி வைத்தார்கள். 2011 வரை நடந்த அந்த அறச்செயலால் பயன்பெற்ற மாணவர் பலர்.

அக்காலத்தில் நான் செய்த பிழை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2001-இல் என் வீட்டுக் கணிப்பொறியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை நிறுவ முற்பட்டேன். நிறுவும் நிரல் என்னிடம் வன்தட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளட்டுமா, இருப்பதை விட்டு மீதியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று தெளிவாகவே கேட்டது. நான் படியாமல் முதலாவதை அழுத்தினேன். என் தந்தையார் தம் இளமைக்கால நினைவுகளைச் சொல்லச் சொல்ல நான் இரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அது அந்த வன்தட்டில் மட்டுமே இருந்தது, முற்றும் போயிற்று. செய்தியைக் கேட்ட தந்தையார் கோபம் கொள்ளவில்லை. “மறுபடியும் சொல்கிறேன், இம்முறை தாளில் எழுது” என்றார். சொன்னார், எழுதினேன். ஆனால் முதல்முறை சொன்னவற்றில் பல அவருக்கு மீண்டும் நினைவுக்கு வரவில்லை. டோர்வால்ட்ஸ் இழந்தது திரும்ப நிறுவத்தக்க ஒன்றை. நான் இழந்தது அத்தகையதன்று.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் ஒன்றை, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தத் தொடங்கின. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குமாறு அது அமைக்கப்பட்டது. அதே காலத்தில், தியாகராய நகரை அடுத்த நந்தனத்தில் அலுவலகம் கொண்ட தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் என்னும் ஆட்சிப்பணி அதிகாரியின் தலைமையில் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றிற்று.

2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது. ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகளுக்கு எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 15, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளன்று, முதல்வர் ஜெ. ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பட்டே அந்த மடிக்கணினிகள் மாணவர் கைக்கு வந்தன. பின்வந்த ஆண்டுகளையும் சேர்த்தால், வழங்கப்பட்ட மடிக்கணினிகள் ஐம்பது இலட்சத்துக்கும் அதிகம். இருபது ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் தம் அறையில் எழுதத் தொடங்கியது, தமிழ்நாட்டின் சிற்றூர் மாணவர் வீட்டுக்கு அரசின் செலவிலேயே வந்து சேர்ந்தது.

ஆனால் வந்த விருந்தாளியை எத்தனை வீடுகள் வரவேற்றன? என் கண் முன்னே பல பொறிகளில் அது ஒருமுறையும் திறக்கப்படாமலே அழிக்கப்பட்டது. விண்டோஸைப் பயன்படுத்துவது தவறு என்று நான் கூறவில்லை. பல பணிகளுக்கு அது ஏற்றது. பல அலுவலகங்கள் அதையே கேட்கின்றன. விண்டோஸ் மட்டும் இருந்தால், பொறியை ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். பக்கத்தில் லினக்ஸும் இருந்தால், பொறியைத் திறந்து பார்க்கவும் கற்றுக்கொள்ளலாம். ஏழை மாணவனுக்கு அந்த இரண்டாவது கல்வியை வேறு யார் இலவசமாகத் தரப்போகிறார்கள்?

இன்று உங்களில் சிலர் புதிய மடிக்கணினியில் இதைச் செய்ய விரும்பலாம். அவர்களுக்கு அனுபவத்தால் அறிந்த சில சொற்கள். முதலாவதாக, உங்கள் கோப்புகளை வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ படி எடுத்து வையுங்கள். வன்தட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸின் பகுதியை விண்டோஸின் கருவியைக் கொண்டே சுருக்குங்கள். பென்டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பார்த்து, திரையும் ஒலியும் வைஃபையும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று கண்டபின் நிறுவுங்கள். விண்டோஸ் முன்னும் லினக்ஸ் பின்னுமாக நிறுவுவதே முறை. பின்னால் வரும் விண்டோஸ், வாசற்காவலரை அகற்றிவிட்டுத் தன் ஆளை நிறுத்திக்கொள்ளும். 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்த செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெயர்பெற்ற லினக்ஸ் வகைகள் அதனுடன் இணங்கியே இயங்குகின்றன.

நிறுவியபின் ஒரு வேடிக்கையையும் காண்பீர்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கலாம். பொறியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. இந்திய நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது அன்றோ? ஒரே கட்டளையால் தீரும் பிணக்கு இது. ஒண்டுக்குடித்தனத்தில் இவ்வளவும் இல்லாமல் இராது.

அன்று அந்த மாணவி முழுவதையும் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு பொறியை அணைத்து, மீண்டும் எழுப்பினாள். இரண்டு பெயர்களும் தோன்றின. இதுவரை ஒருமுறையும் தொடாத பெயரைத் தொட்டாள். திரை திறந்ததும் அவள் முதலில் செய்தது, தன் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்ததுதான். “அழிக்க வேண்டாம், மாமா, பரீட்சை முடியட்டும், பார்க்கிறேன்” என்று சொல்லி எடுத்துச் சென்றாள்.

நான் விரும்பியதும் அவ்வளவே. எதையும் தெரியாமல் ஏற்க வேண்டாம். தெரியாமல் அழிக்கவும் வேண்டாம். பொறி உங்களைக் கேள்வி கேட்டுக் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில், கேள்வியை முழுதும் படித்து விடையளியுங்கள். படியாமல் விடையளித்த ஒருவன் சொல்கிறேன்.