மெல்வில்லின் மாமனார் எழுதிய தீர்ப்புகள்

ஹெர்மன் மெல்வில் தம் முதல் நூலான 'டைப்பி'யை 1846-இல் வெளியிட்டபோது, அதை மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவேல் ஷாவுக்குக் காணிக்கையாக்கினார். மறு ஆண்டு ஷாவின் மகள் எலிசபெத்தை மணந்தார். நூல்கள் விலைபோகாத காலத்தில் மருமகனுக்காக மாமனாரின் பணப்பை பலமுறை திறந்தது. இலக்கிய வாசகர்கள் ஷாவை அறிந்திருப்பது பெரும்பாலும் இந்த அளவில்தான். ஆனால் வேலையில் அடிபட்டவன் முதலாளியிடம் எதைக் கேட்கலாம் என்ற கேள்விக்கு, அமெரிக்க நீதிமன்றங்கள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சொல்லிவந்த பதிலை வடித்தவரும் அவரே.

பாஸ்டன்-வொர்ஸ்டர் இரயில் நிறுவனத்தில் ஃபார்வெல் என்றொரு எஞ்சின் ஓட்டுநர். 1837 அக்டோபரில் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் தடத்தைத் தவறாக விட்டுவைக்க, எஞ்சின் தடம் புரண்டது. தூக்கி எறியப்பட்ட ஃபார்வெல்லின் வலக்கையின் மீது சக்கரம் ஏறியது. அவர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். தன் பணியாளின் கவனக்குறைவால் பிறருக்கு நேரும் தீங்குக்கு எசமானன் பொறுப்பு என்பது பழைய சட்டம். அதே விபத்தில் பயணி ஒருவரின் கை போயிருந்தால் அவருக்கு இழப்பீடு கேட்க வழி இருந்தது.

ஓட்டுநருக்கு இல்லை என்றார் ஷா, 1842-இல். அவருடைய தர்க்கம் எளியது, அதனாலேயே ஆபத்தானது. வேலையில் சேர்பவன் அதன் அபாயங்களை அறிந்தே சேர்கிறான். ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு இரண்டு டாலர். அதற்குமுன் இயந்திரப் பணியாளராக இருந்தபோது அவர் பெற்றது அதனினும் குறைவு. அந்தக் கூடுதல் கூலியிலேயே அபாயத்தின் விலை அடங்கிவிட்டது. தவிர, உடன் வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொள்ளலாம், அசட்டையானவனைப் பற்றி மேலிடத்துக்குச் சொல்லலாம். ஓடும் எஞ்சினில் நிற்பவன் தொலைவில் தடம் மாற்றுபவனை எங்ஙனம் கண்காணிப்பது? பணியாளர்களை இன்ன துறையினர் என்று பிரித்துக் கோடு கிழிக்க முடியாது என்று கூறி அந்தக் கேள்வியை ஷா கடந்துவிட்டார்.

இந்தக் கோட்பாடு முழுக்க அவருடைய கற்பனையன்று. 1837-இல் இங்கிலாந்தில் ப்ரீஸ்ட்லி என்ற கசாப்புக்கடைப் பையன், அளவுக்கு மீறி இறைச்சி ஏற்றப்பட்ட வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்ததற்காக முதலாளி மீது வழக்குத் தொடுத்திருந்தான். ஜூரி 100 பவுண்டு அளித்தது. அபிங்கர் பிரபு அதைத் தள்ளினார். இவனுக்கு வழிவிட்டால், பணிப்பெண் ஈரப்படுக்கை விரித்ததற்கும் சமையற்காரி செப்புப் பாத்திரத்தைச் சரியாகத் துலக்காததற்கும் வேலைக்காரர்கள் எசமானன் மீது வழக்காடுவார்களே என்பது அவர் கவலை. ஒரு கனவானின் வீட்டு நிர்வாகம் பற்றிய இந்த அச்சம், இரயில்களும் சுரங்கங்களும் ஆலைகளும் நிறைந்த நூற்றாண்டுக்கு விதியாயிற்று.

ஷா தீர்ப்பளித்த அந்த மார்ச் மாதத்தில், அவருடைய வருங்கால மருமகன் 'அகுஷ்நெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் பசிபிக் கடலில் இருந்தார். கூலி ஏதுமின்றி, கிடைக்கும் இலாபத்தில் ஒரு துளிப் பங்குக்காக உழைக்கும் வாழ்க்கை அது. ஆயினும் ஒன்று கவனிக்கத் தக்கது: பணியில் காயமுற்ற மாலுமிக்குச் சோறும் மருத்துவமும் தருவது, யார்மேல் பிழை என்று பாராமலே, கப்பல் உரிமையாளரின் கடமை என்பது தொன்மையான கடற்சட்டம். நீதிபதி ஸ்டோரி 1823-லேயே அதை அமெரிக்காவில் உறுதி செய்திருந்தார். கடலில் இருந்த அந்தக் குறைந்தபட்சக் கருணை கரையிலிருந்த ஓட்டுநரை எட்டவில்லை.

ஷாவைத் தொழிலாளரின் பகைவர் என்று முத்திரை குத்திவிட்டால் வேலை எளிது. அதே 1842-இல், பாஸ்டன் காலணித் தொழிலாளர் சங்கத்தவர் மீதான சதிவழக்கில், சங்கம் அமைப்பதோ, சங்கத்தில் சேராதவரை வேலைக்கு வைத்திருப்பவரிடம் உழைக்க மறுப்பதோ குற்றமல்ல என்று தீர்ப்பளித்தவரும் அவரே. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. தொழிலாளி அவர் கண்ணுக்குச் சுதந்திரமாக ஒப்பந்தம் செய்யும் மனிதன்: கூடிக்கொள்ளவும் சுதந்திரம், கையை இழக்கவும் சுதந்திரம்.

இந்தச் சுதந்திர மனிதன் கறுப்பராக இருக்கும்போது கணக்கு மாறுகிறது. வீட்டருகே ஐந்து வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து கறுப்பருக்கான பள்ளிக்கு அனுப்பப்பட்ட சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமிக்காக, அந்நாட்டின் முதல் கறுப்பு வழக்கறிஞர்களில் ஒருவரான ராபர்ட் மாரிஸும் சார்லஸ் சம்னரும் 1849-இல் வாதாடினர். சாதிப்பாகுபாட்டைச் சட்டம் படைக்கவில்லை, சட்டத்தால் அதை மாற்றவும் இயலாது என்ற பொருள்பட எழுதி வழக்கைத் தள்ளினார் ஷா. மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1855-இல் அப்பள்ளிப் பிரிவினையைத் தடைசெய்தது. தீர்ப்போ பிழைத்துக் கிடந்தது. 1896-இல், இரயில் பெட்டிகளில் நிறத்தால் பிரிப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறிய ப்ளெஸ்ஸி வழக்கில், அது மேற்கோளாக மீண்டு வந்தது.

காயம் பற்றிய கோட்பாடு மெல்லச் சிதைந்தது. 1908-இல் அமெரிக்க இரயில் தொழிலாளர் பொருட்டு ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது; 1911-இல் ஷாவின் மாசசூசெட்ஸே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1938-ஆம் ஆண்டின் முதலாளிகள் பொறுப்புச் சட்டம் அந்த வாதத்தைப் பெருமளவு முடக்கியது. அதைப் பெற்றெடுத்த பிரிட்டன் முற்றாகக் கைவிட்டது 1948-இல்.

மற்றது இன்னும் நீண்டது. அலபாமாவில் ஸ்டீல் என்ற கறுப்பின ஃபயர்மேன் எஞ்சினில் கரி தள்ளிக்கொண்டிருந்தார். 1941-இல் வெள்ளையர் மட்டுமே சேரக்கூடிய ஃபயர்மேன் சங்கமும் இரயில் நிறுவனங்களும் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டால், பணிமூப்பு இருந்தும் அவர் கடினமான, ஊதியம் குறைந்த வேலைக்குத் தள்ளப்பட்டார். சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அவருக்காக உச்ச நீதிமன்றம்வரை சென்றார். 1944-இல் தீர்ப்பு: ஒரு தொழிலின் அனைவர் சார்பிலும் பேரம் பேசும் உரிமை பெற்ற சங்கம், அவருக்காகவும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். ஆனால் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடவில்லை. தொழிற்சங்கங்கள் நிறத்தைக் காட்டி உறுப்புரிமை மறுப்பதை நாடு முழுவதும் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் வர 1964 ஆயிற்று.