சந்தா (வன்னிக் கிராம அமைப்புகள்)

வன்னிப் பெருநிலப்பரப்பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இயங்கும் கிராம அமைப்புகள் தம் அங்கத்தவரிடம் மாதந்தோறும், ஆண்டுதோறும் அல்லது போகத்துக்கு ஒருமுறை அறவிடும் பணம் சந்தா எனப்படும். சேரும்போது ஒருமுறை மட்டும் செலுத்துவது அங்கத்துவப் பணம். சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றில் இம்முறை வழக்கில் உள்ளது. கூட்டுறவுச் சங்கங்களில் இதனுடன் பங்குப் பணமும் சேரும்; பங்கு எத்தனை இருந்தாலும் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்குத்தான்.

சனசமூக நிலையங்கள்

சனசமூக நிலையத்தின் மையம் வாசிகசாலை. நாளிதழ் வாசிப்பும் ஊர் விவகாரப் பேச்சும் அங்கேதான் நடக்கும். பொதுவாகப் பத்திரிகை படிக்க எவரிடமும் பணம் கேட்பதில்லை. சந்தா கட்டியவருக்குக் கிடைப்பது பொதுக்கூட்டத்தில் வாக்கும் நிர்வாகத்தில் பதவி வகிக்கும் தகுதியும். நிலையத்துக்குச் சொந்தமான கதிரை, பந்தல் தகரம், பெரிய சமையல் பாத்திரங்களை மரணவீட்டுக்கோ திருமணத்துக்கோ எடுக்கும்போது அங்கத்தவருக்குச் சலுகை கொடுப்பதும் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கறிக்கை வாசிப்பார். நிலுவையைத் தீர்த்துப் பற்றுச்சீட்டுப் பெற்றவர்களே அதன்பின் நடக்கும் நிர்வாகத் தெரிவில் பங்கேற்பர்.

கமக்காரர் அமைப்புகள்

கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. இவற்றில் சந்தாவின் பயனுக்கு இரணைமடு ஓர் எடுத்துக்காட்டு. வன்னியின் மிகப் பெரிய குளமான இது 1920இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் உள்ளது. காலபோகத்தில் வயல் முழுவதும் விதைக்கப்பட்டாலும், சிறுபோகத்தில் குளத்து நீரின் அளவுக்கேற்பவே விதைப்புப் பரப்பைப் போகத்துக்கு முன் நடக்கும் விவசாயிகள் கூட்டத்தில் தீர்மானிப்பர். தண்ணீர் குறைந்த ஆண்டில் அக்கூட்டத்தில் பேசும் உரிமையின் பெறுமதி சந்தாத் தொகையைவிடப் பல மடங்கு.

அரசு அறவிட்ட கட்டணம்

1984இல் நாட்டின் பெரும் நீர்ப்பாசனத் திட்டங்களில் பராமரிப்புச் செலவுக்காக ஏக்கருக்கு 100 ரூபாய் அறவிட அரசு முற்பட்டது. அத்தொகையைப் படிப்படியாக 200 ரூபாயாக உயர்த்துவதே திட்டம். சில ஆண்டுகளிலேயே வசூல் சரிந்தது. வாய்க்கால் பராமரிப்பில் மாற்றம் தெரியவில்லை. கட்டாதவர் வயலுக்கும் அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. 1988இல் அரசு பங்கேற்பு முகாமைக்கு மாறி, கிளை வாய்க்கால்களின் பராமரிப்பை விவசாயிகளின் அமைப்புகளிடம் ஒப்படைக்கும் கொள்கையை ஏற்றது. அரசுக் கட்டணத்தைப் போலன்றி, பணத்தைச் சேர்ப்பவரும் செலவிடுபவரும் ஊருக்குள்ளேயே இருந்தால் கணக்குக் கேட்பது எளிது என்பதே கிராமச் சந்தாவின் பலம்.

போருக்குப் பின்

2008–2009 இடப்பெயர்வில் வன்னியின் பெரும்பாலான கிராமங்கள் வெறுமையாயின. சங்கப் பதிவேடுகள் பலவும் அழிந்தன. மீள்குடியேற்றத்தின் பின் அங்கத்தவர் பெயர்களைப் புதிதாகத் திரட்டியே அமைப்புகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பெருகிய ஊர்களில் மாதர் சங்கங்களின் சிறுகடனுக்குச் சந்தாவும் சேமிப்பும் அடித்தளமாயின.

கட்டடம், தளபாடம் போன்றவற்றுக்குப் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் ஓர் ஊரின் பல ஆண்டுச் சந்தாவை மிஞ்சக்கூடும். ஆயினும் சந்தா வழக்கொழியவில்லை: சங்கத்தின் வாக்காளர் யார் என்பதை முடிவு செய்வது நன்கொடைப் பட்டியலன்று, சந்தாப் பதிவேடே.